வலைத்தளம் நிறுவும்போது பாதியில் நின்றுவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு கடைகள், பள்ளிகள், சிற்றிதழ்கள் இவற்றுக்குத் தளம் அமைத்துத் தருவது என் வேலை. "ஹோஸ்டிங் வாங்கிவிட்டேன், வேர்ட்பிரஸ் போட்டேன், வரவில்லை" என்று வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுவார். அவர்கள் கேட்டவைதான் கீழே இருக்கின்றன. சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள பகிர்வு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது), தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் போடுபவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். லாராவெல் (நிரலாளர்களுக்கான கட்டமைப்பு), மூடில் (இணையவழிப் பாடத் தளம்) போடுபவர்களுக்கும் நடுவில் சில விஷயங்கள் உண்டு.

நிறுவல் தோற்றுவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். எல்லோருக்கும் முதலில் கை போவது அங்கேதான். ஆனால் காரணம் அப்படியே இருந்தால் இரண்டாவது முறையும் அதே இடத்தில்தான் நிற்கும். முதல் முறை உருவான டேட்டாபேஸும் அரைகுறை ஃபைல்களும் சேர்ந்து புதிதாக இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவரும்.

முதலில் எரர் லாகைத் திறங்கள். உலாவியில் தெரியும் "500" என்பது பொதுவான கைவிரிப்பு மட்டுமே. உண்மையான காரணத்தைச் சர்வர் வேறு இடத்தில் எழுதி வைத்திருக்கும். சிபேனலில் "மெட்ரிக்ஸ்" பகுதியில் "எரர்ஸ்" என்று ஒன்று இருக்கும். தளத்தின் ஃபைல்கள் இருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் எரர்_லாக் என்ற பெயரில் ஒரு ஃபைலும் உருவாகியிருக்கலாம். அதன் கடைசி வரிக்குப் போங்கள். தேதி, நேரம், "பிஎச்பி ஃபேட்டல் எரர்" என்ற சொற்கள், காரணம், எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று ஒரே வரியில் எல்லாம் இருக்கும். அந்த நேரம் நீங்கள் முயன்ற நேரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சர்வர் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரத்தில் இருந்து ஐந்தரை மணி கழித்துக்கொள்ளுங்கள்.

லாகில் ஒன்றுமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தளம் திறக்க நான்கு விஷயங்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்: டொமைன் சரியான சர்வருக்கு வர வேண்டும், வலைச் சர்வர் ஃபைலைக் கொடுக்க வேண்டும், பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல் மொழி) ஓட வேண்டும், டேட்டாபேஸ் பதில் சொல்ல வேண்டும். இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

பப்ளிக்_எச்டிஎம்எல்லில் ஒரே ஒரு சொல் எழுதிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைலைப் போட்டு, உலாவியில் அதன் முகவரியைத் தட்டுங்கள். சொல் தெரிந்தால் முதல் இரண்டும் சரி. தெரியாவிட்டால் வேர்ட்பிரஸை நோண்டிப் பயனில்லை, கோளாறு அதற்கு முன்பே இருக்கிறது. அடுத்து, பிஎச்பிஇன்ஃபோ என்ற கட்டளை மட்டும் உள்ள ஒரு பிஎச்பி ஃபைல் போடுங்கள். ஊதா நிறத் தலைப்போடு நீளமான பக்கம் வந்தால் பிஎச்பியும் சரி. பார்த்து முடித்ததும் அதை அழித்துவிடுங்கள். உங்கள் சர்வரின் உள்விவரம் மொத்தத்தையும் அது ஊருக்கே காட்டும்.

இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினைகள் எங்கே இருக்கின்றன என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

நிறுவி முடித்துவிட்டேன். ஆனால் ஹோஸ்டிங் கம்பெனியின் "விரைவில் வருகிறது" பக்கம்தான் தெரிகிறது.

அந்தப் பக்கம் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற ஃபைலாக உங்கள் ஃபோல்டரிலேயே இருக்கும். இன்டெக்ஸ்.பிஎச்பியும் அதுவும் ஒன்றாக இருந்தால், பல சர்வர்களில் எச்டிஎம்எல்லுக்குத்தான் முன்னுரிமை. பெயரை மாற்றுங்கள் அல்லது அழியுங்கள்.

அப்படி எந்த ஃபைலும் இல்லையென்றால், டொமைன் இன்னும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். நேம்சர்வர் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) மாற்றியது எல்லா இடத்துக்கும் பரவச் சில மணி நேரமாகும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே புதிய தளம் வந்தால் காத்திருப்பது ஒன்றுதான் வழி.

"எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்" என்று வருகிறது. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது.

"சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லாதவர் இல்லை. வேர்ட்பிரஸின் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட் என்று நான்கு விவரங்கள் இருக்கின்றன. நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெயர்கள். சிபேனலில் நீங்கள் "கடை" என்று பெயர் கொடுத்தாலும், அது உங்கள் கணக்கின் பெயரையும் ஒரு அடிக்கோட்டையும் முன்னால் ஒட்டித்தான் டேட்டாபேஸை உருவாக்கும். கான்ஃபிக்கில் அந்த முழுப் பெயர் வேண்டும். பயனர் பெயருக்கும் இதே கதைதான்.

அடுத்தது, மிக அதிகமாக விட்டுப்போகும் படி. டேட்டாபேஸ் உருவாக்குவது ஒரு வேலை, பயனரை உருவாக்குவது இன்னொரு வேலை, அந்தப் பயனரை அந்த டேட்டாபேஸில் சேர்த்து உரிமை கொடுப்பது மூன்றாவது வேலை. மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். "ஆட் யூசர் டு டேட்டாபேஸ்" என்ற இடத்துக்குப் போய், "ஆல் பிரிவிலேஜஸ்" பெட்டியில் டிக் போட்டுச் சேமியுங்கள்.

பாஸ்வேர்டில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, உள்ளே ஒற்றை மேற்கோள் குறியோ பின்சாய்கோடோ இருப்பது. கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு ஒற்றை மேற்கோளுக்குள்தான் இருக்கும், நடுவில் இன்னொன்று வந்தால் அங்கேயே முடிந்ததாக பிஎச்பி நினைத்துக்கொள்ளும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ஒரு முன்னாள் மாணவர் சங்கத்தின் தளத்துக்காக ஒரு மாலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டும் வித்தியாசமே தெரியவில்லை. கடைசியில் கர்சரை வரியின் முடிவுக்குக் கொண்டுபோய் இடது அம்புக்குறியைத் தட்டியபோது, கடைசி எழுத்துக்கும் மேற்கோளுக்கும் நடுவில் அது ஒரு முறை கூடுதலாக நின்றது. வாட்ஸ்அப்பில் இருந்து நகல் எடுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்த ஒரு இடைவெளி. அன்றிலிருந்து பாஸ்வேர்டைத் தேடிப் பார்ப்பதே இல்லை. எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள நீளமான புதிய பாஸ்வேர்டு ஒன்றை வைத்துவிடுகிறேன்.

ஹோஸ்ட் பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட்தான். சில கம்பெனிகள் டேட்டாபேஸைத் தனிச் சர்வரில் வைத்திருப்பார்கள். வரவேற்பு மின்னஞ்சலில் அதன் முகவரி இருக்கும். சொந்த வாடகைச் சர்வர் வைத்திருப்பவர்கள் லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் 127.0.0.1 போட்டுப் பாருங்கள். முதலாவது சாக்கெட் ஃபைல் வழியாகப் போகிறது, இரண்டாவது நெட்வொர்க் வழியாகப் போகிறது. ஒன்று அடைத்திருந்தாலும் மற்றது திறந்திருக்கலாம்.

500 எரர் வருகிறது. 777 உரிமை கொடுத்தால் சரியாகும் என்கிறார்களே?

பல பகிர்வு சர்வர்களில் 777தான் 500 எரரை வரவழைக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும் ஃபைலை ஓட்ட அவை மறுத்துவிடும். ஓட்டினாலும் ஆபத்துதான். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 என்று வையுங்கள். கான்ஃபிக் ஃபைலை 600 ஆக்கினால் இன்னும் நல்லது.

500க்கு அடுத்த சந்தேகம் எச்டிஆக்சஸ், அதாவது வலைச் சர்வருக்கான கட்டளைகள் உள்ள ஃபைல். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஃபைல் மேனேஜர் சாதாரணமாகக் காட்டாது. அமைப்பில் "மறைந்த ஃபைல்களைக் காட்டு" என்பதை இயக்குங்கள். பிறகு அதன் பெயரை மாற்றிவிட்டுத் தளத்தைத் திறந்து பாருங்கள். தளம் வந்துவிட்டால் குற்றவாளி அதுதான். மெமரியைக் கூட்டவோ அப்லோடு அளவைக் கூட்டவோ எங்கோ படித்துவிட்டு "பிஎச்பி_வேல்யூ" என்று தொடங்கும் வரியை அதில் போட்டிருப்பீர்கள். பிஎச்பி அப்பாச்சி என்ற வலைச் சர்வருக்குள்ளேயே ஓடும் பழைய முறையில்தான் அந்த வரி செல்லும். தனியாக ஓடும் முறையில் அப்பாச்சி அதை அறியாத கட்டளை என்று சொல்லி நின்றுவிடும். அந்த வரியை எடுத்துவிட்டு, சிபேனலின் "மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர்" வழியாக மாற்றுங்கள். மாற்றியதும் பலன் தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். அந்த எடிட்டர் எழுதும் யூசர்.ஐஎன்ஐ ஃபைலை பிஎச்பி 300 விநாடிக்கு ஒரு முறைதான் திரும்பப் படிக்கும்.

எரர்கூட இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம்.

கான்ஃபிக் ஃபைலில் டபிள்யூபி_டீபக் என்பதை ட்ரூ ஆக்குங்கள். கூடவே டபிள்யூபி_டீபக்_லாக் ட்ரூ, டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளே ஃபால்ஸ். டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் டீபக்.லாக் உருவாகும், அதைப் படியுங்கள். வேலை முடிந்ததும் மூன்றையும் பழையபடி மாற்றி லாகையும் அழியுங்கள்.

"ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்" என்று அதில் இருந்தால், கான்ஃபிக் ஃபைலை விண்டோஸ் நோட்பேடில் திருத்தினீர்களா என்று யோசியுங்கள். பழைய நோட்பேடு யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். சிபேனல் எடிட்டரில் புதிய ஃபைல் திறந்து வரிகளை ஒட்டிச் சேமித்தால் தீர்ந்தது.

எந்த பிஎச்பி பதிப்பு போடுவது?

2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6, பிஎச்பி 7.2.24க்குக் கீழே ஏறாது. அதுவே பழையது. 7.4க்கான ஆதரவுகூட 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. புதிய தளம் என்றால் 8.3 போடுங்கள்.

பழைய தளத்தை இடம் மாற்றுபவர்களுக்கு நிலைமை நேரெதிர். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிக்கொடுத்த தளம் புதிய சர்வரில் விழுந்தால், லாகில் "மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்" என்ற பெயரைத் தேடுங்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0 அந்தக் கட்டளைகளையே நீக்கிவிட்டது. பழைய பதிப்புக்குத் தற்காலிகமாக இறங்கி மூச்சு வாங்கலாம். ஆனால் நிரலைத் திருத்தி எழுதித்தான் ஆக வேண்டும்.

எஃப்டிபியில் ஏற்றினேன். சில பக்கங்கள் வருகின்றன, சில வரவில்லை.

வேர்ட்பிரஸில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் உண்டு. ஒவ்வொன்றாக ஏற்றும்போது நடுவில் இணைப்பு துண்டித்தால் எது விட்டுப்போனது என்று தெரியாது. ஜிப்பாக ஏற்றி, சிபேனல் ஃபைல் மேனேஜரில் "எக்ஸ்ட்ராக்ட்" கொடுங்கள். பிரித்த பிறகு வேர்ட்பிரஸ் என்ற உள்ஃபோல்டருக்குள் எல்லாம் போயிருந்தால் ஒரு படி மேலே நகர்த்துங்கள்.

சொந்தக் கணினியில் விண்டோஸில் செய்து பார்த்து ஏற்றியிருந்தால் எழுத்தளவையும் கவனியுங்கள். படத்தின் பெயரில் பெரிய எழுத்து, நிரலில் சின்ன எழுத்து என்றிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு ஃபைல்கள்.

சிபேனலில் தானாக நிறுவித்தரும் சாஃப்டாகுலஸ் "ஃபைல்கள் ஏற்கெனவே இருக்கின்றன" என்று மறுக்கிறது.

முந்தைய முயற்சியின் மிச்சம்தான். உள்ளே உங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு அழியுங்கள். அழித்த பிறகும் மறுத்தால் வட்டு இடத்தையும் ஐனோட் எண்ணிக்கையையும் பாருங்கள். ஐனோட் என்பது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஒன்று வீதம் செலவாகும் பதிவு; அதன் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஜிபி கணக்கில் இடம் மிச்சம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் இதுதான். பழைய மின்னஞ்சல்கள்தான் பெரும்பாலும் இதைத் தின்றிருக்கும்.

தமிழில் எழுதியது எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது.

நம் ஆட்களுக்கு அதிகம் வலிப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். "தமிழ்" என்ற சொல்லுக்கு நம் கண்ணில் மூன்று எழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆகப் பதினைந்து பைட். இதை எந்தக் கணக்கில் படிப்பது என்பதில் டேட்டாபேஸும் தளமும் ஒத்துப்போக வேண்டும்.

கெட்டுப்போவது இரண்டு விதம். திரையில் கேள்விக்குறி வரிசை தெரிந்தால், டேட்டாபேஸுக்குள்ளேயே போய்ப் பாருங்கள். அங்கும் கேள்விக்குறிதான் என்றால், தமிழுக்கு இடமில்லாத லத்தீன்-1 வகை அட்டவணையில் சேமித்தபோதே எழுத்துகள் தொலைந்துவிட்டன. அவை திரும்பி வராது. பழைய சர்வரில் இருந்து மறுபடி ஏற்றுமதி செய்துதான் மீட்க வேண்டும். ஆகவே இதைக் கண்டதும் பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யாதீர்கள்.

மற்றொரு விதத்தில், மேலே ஒரு சாய்கோடு போட்ட சின்ன "ஏ" எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரிசையாக வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இது நல்ல செய்தி. தமிழின் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, படிக்கும் முறை மட்டும் தவறு. கான்ஃபிக்கில் டிபி_சார்செட் யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா பாருங்கள். எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக மாற்றினால் இது முதல் வகையாக ஆகிவிடும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் யூடிஎஃப்8 என்ற பழைய பெயர் மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியென்று தோன்றும். நான்கு பைட் எடுக்கும் எமோஜி ஒன்று வந்த நாளில் பதிவு சேமிக்க மறுக்கலாம். தொடக்கத்திலேயே எம்பி4 போட்டுவிடுங்கள்.

டேட்டாபேஸை இறக்குமதி செய்யும்போது "அன்னோன் கொலேஷன்" என்கிறது.

2018ல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0, யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்ற வரிசை முறையை இயல்பாக வைத்தது. மைஎஸ்க்யூஎல் 5.7க்கும் அதன் கிளையான மரியாடிபியின் பழைய பதிப்புகளுக்கும் அது தெரியாது. ஏற்றுமதி செய்த ஃபைலை எடிட்டரில் திறந்து, அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றி மறுபடி ஏற்றுங்கள். ஃபைல் பெரிதென்று டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் மறுத்தால் ஜிஜிப் செய்து ஏற்றிப் பாருங்கள்.

முகப்பு திறக்கிறது. எந்தப் பதிவைத் தொட்டாலும் 404.

செட்டிங்ஸில் "பெர்மாலிங்க்ஸ்" பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேமி பொத்தானை அழுத்துங்கள். எச்டிஆக்சஸில் எழுத வேண்டிய வரிகளை வேர்ட்பிரஸ் மறுபடி எழுதிக்கொள்ளும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இன்னொன்று. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். "தமிழ்" மட்டுமே 45 ஆகிவிடும். பதிவின் முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200 எழுத்து. அதனால் நான்கு சொல்லுக்கு மேல் உள்ள தலைப்பு பாதியில் வெட்டுப்படும். முகவரியை மட்டும் நீங்களே சுருக்கமாக எழுதிவிடுங்கள்.

லாராவெல், மூடில் போடுகிறேன். என்ன கவனிப்பது?

லாராவெல்லில் டொமைன் "பப்ளிக்" உள்ஃபோல்டரைத்தான் காட்ட வேண்டும். மொத்தத்தையும் பப்ளிக்_எச்டிஎம்எல்லில் கொட்டினால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள என்வி ஃபைலை வெளியாட்கள் படிக்க வாய்ப்பு உண்டு. அதே என்வி ஃபைலில் பாஸ்வேர்டுக்கு நடுவில் ஹேஷ் குறி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ஹேஷுக்குப் பின்னால் இருப்பது எல்லாம் குறிப்பு என்று தள்ளப்படும். ஸ்டோரேஜ், பூட்ஸ்ட்ராப்/கேஷ் இரண்டிலும் எழுத முடிகிறதா பாருங்கள்.

மூடில் பெரும்பாலும் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் என்ற பிஎச்பி வரம்பில் நிற்கும். பிஎச்பி இயல்பாக வைத்திருப்பது 1000. பிஎச்பி 8ல் ஓடும் மூடில் 5000 கேட்கும். மூடில்டேட்டா ஃபோல்டரைப் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே வையுங்கள், மாணவர்கள் ஒப்படைக்கும் ஃபைல்கள் அதில்தான் இருக்கும்.

எஸ்எஸ்எல் (முகவரியில் வரும் பூட்டு) வரவில்லை. வந்தாலும் பக்கம் சுற்றிச் சுற்றி நிற்கிறது.

அதற்கான சான்றிதழைத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு, தருவதற்கு முன் டொமைன் உங்கள் சர்வருக்குத்தான் வருகிறதா என்று சோதிக்கும். பழைய ஹோஸ்டிங்கின் ஐபிவி6 (புதிய வகைச் சர்வர் முகவரி) பதிவு டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கு எந்தச் சர்வர் என்று காட்டும் பதிவேடு) விட்டுப்போயிருந்தால் அது அங்கே போய் ஏமாறும். அந்தப் பதிவை நீக்குங்கள். பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், மணிக்கு ஐந்து தோல்விக்கு மேல் அவர்களே நிறுத்திவைப்பார்கள்.

சுற்றிக்கொண்டே இருந்தால் தளத்துக்கும் வாசகருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவையில் "ஃப்ளெக்சிபிள்" என்று இருக்கிறதா பாருங்கள். அந்த முறையில் சர்வருக்குப் பூட்டில்லாத இணைப்புதான் வரும். சர்வர் பூட்டுள்ளதற்கு அனுப்பும், அது மறுபடி பூட்டில்லாமலே வரும். சர்வரில் சான்றிதழ் போட்டுவிட்டு "ஃபுல் ஸ்ட்ரிக்ட்" ஆக்குங்கள்.

இன்று முடியவில்லை. ஃபைல்களை ஏற்றியாயிற்று, மீதியை நாளைக்குப் பார்க்கலாமா?

அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் ஃபைல்கள் ஏறி, அமைவுப் பக்கம் திறந்த நிலையில் இருந்தால், அந்தப் பக்கத்தை முதலில் திறப்பவரே உரிமையாளர். யார் வேண்டுமானாலும் தன் டேட்டாபேஸ் விவரத்தைக் கொடுத்து நிறுவலை முடித்து, நிர்வாகியாக உள்ளே நுழைந்து, உங்கள் சர்வரில் தன் நிரலை ஏற்றலாம். "என் தளம் யாருக்கும் தெரியாதே" என்று நினைக்காதீர்கள். எஸ்எஸ்எல் சான்றிதழ் பெற்றதுமே டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கிகள் உண்டு. நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் சிபேனலில் "டைரக்டரி பிரைவசி" போட்டு அந்த ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு வையுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. ஹோஸ்டிங் உதவிக்கு என்ன எழுதுவது?

"சைட் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதினால் "கேஷை அழித்துப் பாருங்கள்" என்றுதான் பதில் வரும். அவர்கள் தேட வேண்டியதை நீங்களே தேடிக் கொடுங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். எங்கள் டொமைனில் வேர்ட்பிரஸ் நிறுவும்போது, இன்று இந்திய நேரம் காலை 10.42க்கு 500 எரர் வந்தது. டெக்ஸ்ட் ஃபைல் திறக்கிறது, பிஎச்பிஇன்ஃபோ திறக்கிறது. எச்டிஆக்சஸைப் பெயர் மாற்றியும் மாற்றமில்லை. பிஎச்பி 8.3, ஃபைல் உரிமை 644, ஃபோல்டர் 755. எரர் லாகின் கடைசி மூன்று வரிகளைக் கீழே ஒட்டியிருக்கிறேன். அந்த நேரத்துக்கு உங்கள் பக்க லாகில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள். உண்மையான உதவி மையம் அதைக் கேட்கவும் கேட்காது.